குழாயை உருவியவர்

இருபத்து மூன்று சென்டிமீட்டர். வாய் வழியாக மூச்சுப் பாதைக்குள் இறக்கிய பிளாஸ்டிக் குழாயில் இந்த அளவுக்கோடு உதட்டோரம் நின்றால் எல்லாம் சரி. இருபது என்றால் சந்தேகம். பதினேழு என்றால் ஓடி வர வேண்டும். போன வருடம் மழைக்காலத்தில், நுரையீரல் இரண்டிலும் சளி கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவின் நான்காம் படுக்கையில் வென்டிலேட்டர் உதவியோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ் கண்டக்டர், ஒரு சாயங்காலம் அந்தக் குழாயை அடியோடு உருவிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அவர் பிழைத்துக்கொண்டார். குரல் பிழைக்கவில்லை. குழாய் உள்ளே நகராமல் இருக்க அதன் நுனியில் காற்றடைத்த சின்ன பலூன் ஒன்று உண்டு. காற்றை இறக்காமலே இழுத்ததால் பலூன் குரல்நாண்களைக் கீறிக்கொண்டு வெளியே வந்தது. கடைசிப் படிக்கட்டில் நின்று பேசினால் டிரைவர் சீட்டுவரை கேட்கும் குரல் அது. இப்போது தகரத்தில் ஆணியால் கோடு போடுவதுபோல வருகிறது.

டெப்போவில் முன்பு அவருக்கு 'ரைட்டு' என்று பெயர். எதைச் சொன்னாலும் "ரைட்டு" என்பார். கல்யாணப் பத்திரிகை நீட்டினாலும் ரைட்டு, துக்கம் சொன்னாலும் ரைட்டு. மருத்துவமனை முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரமே பெயர் மாறியது.

"வாய்யா சைலன்சர்" என்றார் அவரோடு பத்து வருடமாக ஒரே வண்டியில் ஓடும் டிரைவர். "இனிமே உனக்கு விசிலே வேணாம். நீ வாயத் தொறந்தாலே ஜனம் பயந்து உள்ள தள்ளிப் போயிடும்."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு எப்படிக் குழாயை உருவினார் என்று யாராவது கேட்டால் மட்டும் டிக்கெட் பையைத் திறந்து சில்லறை எண்ண ஆரம்பித்துவிடுவார். டெப்போவில் இதை எல்லோரும் கவனித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தால் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பயமில்லை. வெட்கம்.

வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குத் தூக்க மருந்து போய்க்கொண்டே இருக்கும். முழுத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்தப் புகைமூட்டத்தில் கண்டக்டர் தன் பஸ்ஸில் இருந்தார். பள்ளிக்கூடம், ஆபீஸ் இரண்டும் விடுகிற நேரத்துக் கூட்டம். வாயில் விசில், ஆனால் ஊத முடியவில்லை. விசில் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. கம்பியைப் பிடித்த கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. அப்போது முன்வாசல் வழியாக அவர் மனைவி ஏறினார். கூட்டத்தை விலக்கி வந்து கையைத் தொட்டார். "கொஞ்ச நேரம்தாங்க" என்றார். கம்பியிலிருந்து கை விடுபட்டது. மனைவி இறங்கிப் போனார். கண்டக்டர் விசிலைப் பிடுங்கினார்.

பஸ் கனவு என்று பிறகு தெரிந்தது. கையைத் தொட்டது கனவா?

குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க நோயாளியின் மணிக்கட்டைப் பஞ்சு வைத்த பட்டையால் சுற்றி, பட்டையின் மறுமுனையைக் கட்டில் சட்டத்தில் கட்டுவது வழக்கம். அவருடைய இரண்டு கைகளும் அப்படித்தான் கட்டியிருந்தன. பார்வையாளர் நேரம் முடிந்த சற்று நேரத்தில், வலது கைப் பட்டை தளர்ந்து கிடக்க, குழாய் வெளியே இருந்தது. பொறுப்பில் இருந்த நர்ஸ் அடுத்த படுக்கையில் இன்னொருவருக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருந்தார். வென்டிலேட்டர் கத்தியது உண்மை. ஆனால் அந்த அறையில் ஏதாவது ஓர் இயந்திரம் எப்போதும் கத்திக்கொண்டுதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து, ஒரு வாய்க் கஞ்சி விழுங்கவே நிமிர்ந்து உட்கார வேண்டியிருந்த நாட்களில், கண்டக்டர் ஒருமுறை மனைவியைக் கேட்டார்.

"அன்னிக்கி நீ என் கைக்கட்ட அவுத்தியா?"

"உங்களுக்கு என்ன, இன்னும் மருந்து எறங்கலையா?" என்றார் மனைவி. எழுந்து அடுப்படிக்குப் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை; தண்ணீர் மட்டும் வெகுநேரம் ஓடியது.

அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. மறுபடி கேட்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு வீட்டுக்குள் நடந்த கதை. மறுவாரம் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், எங்கே அநியாயம் நடந்தாலும் முதல் ஆளாகப் புகார் எழுதுகிறவர். தெருவிளக்கு எரியாவிட்டாலும் எழுதுவார், எரிந்துகொண்டே இருந்தாலும் எழுதுவார். இந்தத் தடவை மருத்துவமனைக்கு எழுதியிருந்தார். நர்ஸ் கையைச் சரியாகக் கட்டவில்லை, அலட்சியம், என் தங்கை கணவரின் குரல் போய்விட்டது, நடவடிக்கை வேண்டும்.

"மாப்ள, கீழ ஒரு கையெழுத்து" என்றார் மச்சான்.

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"என்ன மாப்ள யோசிக்கிறீங்க? உங்க தொண்டைக்காகத்தானே இவ்வளவும்?"

"ரைட்டு" என்றார் கண்டக்டர். போட்டார்.

நர்ஸைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எடுத்து, வெளிநோயாளிகளுக்கு ஊசி போடும் அறையில் உட்காரவைத்தார்கள். கட்டினேன், கட்டினேன் என்று அவர் சொன்னதை யாரும் மறுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. விசாரணை மெதுவாக நகர்ந்தது. திரும்ப உள்ளே போகலாமா, கூடாதா என்ற முடிவு ஒரு வருடமாக நின்றது. கண்டக்டருக்கு இது தெரியும். அந்த மருத்துவமனை அவருடைய தடத்தில்தான் இருக்கிறது. இறங்குகிற ஊழியர்கள் பேசிக்கொண்டே இறங்குவார்கள். கண்டக்டர்கள் காதில் விழாத செய்தி ஊரில் கிடையாது.

இந்த வருடம் மழை தொடங்கும் முன் போன் வந்தது.

பேசியது ஓர் இன்ஜினியர் பெண். மருத்துவமனையோடு சேர்ந்து ஒரு கருவி செய்கிறார்களாம். மூச்சுக்குழாய் நகர்ந்தாலே, முழுக்க வெளியே வரும் முன்பே, நர்ஸின் சட்டைப்பையில் இருக்கும் சின்னப் பெட்டி அலறும். குழாயில் உதட்டோரம் ஒரு கிளிப், மணிக்கட்டில் ஒரு வளையம். கிளிப் குழாய் நகர்வதைப் பார்க்கும். வளையம் கை முகத்துக்கு அருகே போவதைப் பார்க்கும். இதைச் சோதிக்க, முன்பு குழாயைத் தாங்களே உருவியவர்கள் சிலர் வேண்டும்.

"பொம்மைய வெச்சுப் பண்ணிட்டோம் சார். பொம்மை நாங்க சொல்ற மாதிரிதான் இழுக்குது" என்றார் இன்ஜினியர். "நெஜமா இழுத்தவங்க எப்படி இழுத்தாங்கன்னு பாக்கணும். வேற யாரும் வர மாட்டேங்கறாங்க. நீங்களாவது…"

வேலைக்கு நடுவே, ஒரு காதில் போனும் இன்னொரு காதில் கூட்டமுமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "ரைட்டு" என்றார். ஏன் ஒத்துக்கொண்டோம் என்று அப்போது அவருக்கே தெரியவில்லை. எதையாவது செய்தால் வயிற்றில் கிடக்கும் கல் கொஞ்சம் அசையுமோ என்ற எண்ணமாக இருக்கலாம்.

மனைவியிடம் அரை நாள் வேலை என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். அது நடக்கவில்லை.

"அந்த எடத்துக்குத் தனியா அனுப்ப நான் என்ன கல்லா? நானும் வரேன்."

"நீ எதுக்கும்மா? சும்மா படுத்து எந்திரிக்கிற வேலை."

"போன தடவையும் சும்மா இருமல்தான்னு சொல்லித்தானே போனீங்க."

சோதனை நடந்த அறை தீவிர சிகிச்சைப் பிரிவை ஒட்டிய பழைய ஸ்டோர். படுக்கையும் வென்டிலேட்டரும் உண்மையானவை. குழாய் மட்டும் வெட்டிய துண்டு. பல்லில் கவ்விக்கொள்ள ஒரு ரப்பர் கட்டையில் செருகி, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். தொண்டைக்குள் எதுவும் போகாது. மூக்கால் தாராளமாக மூச்சு விடலாம். பேச மட்டும் முடியாது. இன்ஜினியருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஒயர் சுற்றியிருந்தது. கண்டக்டரின் வாயில் கட்டையை வைக்கும் முன் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார்.

மனைவியை வெளியே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். பிறகு நர்ஸ் உள்ளே வந்தார்.

அதே நர்ஸ். சம்பவம் நடந்தபோது இருந்தவரே வந்தால் ஒப்பிட வசதி என்று இன்ஜினியர் கேட்டு வாங்கியிருக்கிறார். அவருக்கு உள்விவகாரம் எதுவும் தெரியாது. நர்ஸ் கொஞ்சம் மெலிந்திருந்தார். கண்டக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். ஊசி அறையில் வரிசையில் நிற்கும் யாருக்கும் அசைக்கும் தலை அது.

"எப்படி இருக்கீங்கண்ணா? தொண்டை பரவால்லையா?"

கண்டக்டர் வாயில் கட்டை இருந்தது. கண்ணை மூடித் திறந்தார். அந்தக் கட்டைக்கு அவர் நன்றி சொன்னது அப்போதுதான்.

நர்ஸ் அவர் மணிக்கட்டுகளில் பட்டையைச் சுற்றிக் கொக்கியை மாட்டினார். இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தார். கட்டில் சட்டத்தில் முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். வலது கையிடம் வந்து மூன்றாம் முறையும் இழுத்தார்.

"போதும் சிஸ்டர், பெட்டே வந்துடப் போகுது" என்றார் இன்ஜினியர்.

"எனக்குப் போதாதும்மா" என்றார் நர்ஸ்.

காலை முழுவதும் கண்டக்டர் உழைத்தார். தலையை உதறினார், பெட்டி அலறியது. நாக்கால் தள்ளினார், அலறியது. கட்டிய கையை நோக்கித் தலையைக் கொண்டுபோனார்; வளையம் முந்திக்கொண்டது. இருமினார்; அதற்கு அலறக் கூடாது, அலறியது. இன்ஜினியர் எதையோ திருத்தி மறுபடி இருமச் சொன்னார். இருமி இருமி நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. ஒவ்வொரு அலறலுக்கும் நர்ஸ் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார். ஒரு தடவைகூட நடந்து வரவில்லை. சோதனைதானே, மெதுவாக வாங்க என்று இன்ஜினியர் சொல்லிப் பார்த்தார்.

"ஓடிப் பழகிட்டேன்" என்றார் நர்ஸ். "இப்போ ஊசி ரூம்ல ஓட எடமில்ல."

சாப்பாட்டுக்குப் பிறகு இன்ஜினியர் புதிய கட்டத்தை விளக்கினார். நோயாளி மறுபடி படுக்கையில், கட்டை வாயில், கைகள் பட்டையில். அவர் தலைக்கு மேலேயே பேச்சு நடந்தது.

"ஒரு பிரச்சினை இருக்கு சிஸ்டர். வார்டுல மாட்டிப் பாத்தப்போ, விசிட்டர் நேரத்துல இது சும்மா சும்மா கத்துது. சொந்தக்காரங்க வராங்க, கையப் பிடிக்கிறாங்க, முகம் தொடைக்கிறாங்க. ஒவ்வொண்ணுக்கும் கத்தினா நர்ஸுங்க வெறுத்துப் போயிடறாங்க. ரெண்டாம் நாள் பாத்தா பெட்டிய டிராயர்ல போட்டுப் பூட்டி வெச்சிருந்தாங்க."

"வெப்பாங்க" என்றார் நர்ஸ்.

"அதனால அந்த நேரத்துல சத்தம் வேணாம்னு முடிவு. லைட்டு மட்டும் எரியும். நேரம் முடிஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சு சத்தம் தானா வரும். சொந்தக்காரங்க பக்கத்துலயே இருக்கும்போது என்ன ஆகிடப் போகுது? இதுவரைக்கும் விசிட்டராலே குழாய் வந்துச்சுன்னு ஒரு கேஸ்கூட ரெக்கார்டுல இல்ல."

கண்டக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கூரையில் ஓர் ஈரக்கறை இருந்தது. ரெக்கார்டில் ஒரு கேஸ்கூட இல்லை. இருக்க வேண்டிய கேஸ் அவர் மடியிலேயே இருக்கிறது. நாக்கால் கட்டையைத் தள்ளினால் போதும். காலையில் தள்ளிய அதே கட்டை. இரண்டு வார்த்தை. சொன்னால் நர்ஸ் உள்ளே வருவார். மனைவி எல்லோர் முன்னாலும் நிற்பார். கையெழுத்துப் போட்டவன் யார் என்று அடுத்த கேள்வி வரும்.

அவர் கட்டையை இறுகக் கடித்துக்கொண்டார்.

"விசிட்டரா ஒருத்தங்க வேணுமே" என்றார் இன்ஜினியர். "வெளியில ஆன்ட்டி இருக்காங்கல்ல?"

மனைவி உள்ளே வந்தார். கணவர் வாயில் குழாயோடு படுத்திருப்பதைப் பார்த்ததும் அவர் நடை மாறியது. இது விளையாட்டு என்று வெளியே விளக்கியிருந்தார்கள். கண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா? புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படுக்கைக்கு வந்தார்.

"ஆன்ட்டி, நீங்க அப்போ என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க. நாங்க இல்லன்னு நெனச்சுக்கங்க."

இன்ஜினியர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் சுவரோரம் நின்றார்.

மனைவி நெற்றியைத் துடைத்தார். சின்ன விளக்கு எரிந்தது, சத்தமில்லை. போர்வையைச் சரிசெய்தார். "என்னங்க, வலிக்குதா?" என்றார். அது நடிப்பு இல்லை. கால் விரல்களைப் பிடித்துவிட்டார். பிறகு வலது கைப்பக்கம் வந்தார். பட்டை அழுத்திய இடத்தில் தோல் சிவந்திருந்தது. காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த கை அல்லவா. அதைத் தடவினார்.

அவர் முப்பது வருடமாகத் துணி தைப்பவர். முடிச்சோ தையலோ கண்ணில் பட்டால் விரல்கள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிடும்; வாய் ஒன்று பேசிக்கொண்டிருக்கும், விரல் ஒன்று செய்துகொண்டிருக்கும். மணிக்கட்டில் இருந்த கொக்கியை அந்த விரல்கள் நெகிழ்த்தின. பட்டையைத் தளர்த்தின. மேலே பார்க்கக் கட்டியதுபோலவே தெரியும்படி நுனியைப் போர்வைக்கு அடியில் செருகின.

"கொஞ்ச நேரம்தாங்க" என்றார் மனைவி.

கண்டக்டர் கையைப் பின்னால் இழுத்திருக்கலாம். தலையை ஆட்டியிருக்கலாம். மனைவியின் விரல் முதலில் பட்ட கணத்திலேயே என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும். சும்மா கிடந்தார்.

நர்ஸ் சுவரிலிருந்து ஓரடி முன்னே வந்தார். நின்றார்.

தளர்ந்த பட்டையிலிருந்து கையை எடுத்தார் கண்டக்டர். மெதுவாகத்தான் தூக்கினார். குழாயைப் பிடித்து, கட்டையோடு உருவினார். பிளாஸ்திரி கன்னத்திலிருந்து கிழிந்த சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது. பெட்டி அலறவில்லை. இன்ஜினியர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "நல்லா போகுது ஆன்ட்டி, அப்படியே பேசிட்டு இருங்க" என்றார்.

"இப்படித்தான் சிஸ்டர்" என்றார் கண்டக்டர்.

அந்தத் தகரக் குரலில் இன்ஜினியர் திரும்பினார். குழாய் கண்டக்டர் கையில் இருந்தது. மனைவி தன் விரல்களைப் பார்த்தார். அவை இன்னும் பட்டையின் நுனியைப் பிடித்திருந்தன. சட்டென்று விட்டார், சுட்டதுபோல.

வென்டிலேட்டர் மட்டும், யாருக்கும் இணைக்கப்படாமலே, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நர்ஸ் படுக்கைக்கு வந்தார். கண்டக்டரைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. குனிந்து கட்டில் சட்டத்தில் தான் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"பெட்டுப் பக்கம் முடிச்சு அப்படியே இருக்கு" என்றார். "அன்னிக்கும் அப்படியே இருந்துச்சு. கைப்பக்கம் மட்டும் லூசா இருந்துச்சு. நான் சொன்னேன். நீதான் லூசா கட்டியிருப்பேன்னாங்க. ஒருத்தர் சொன்னா பரவால்ல, எல்லாரும் சொன்னா? நானே நம்பிட்டேன். இப்பல்லாம் வீட்டப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து திரும்பிப் போயிப் பூட்ட இழுத்துப் பாக்குறேன்."

மனைவி பேச வாயெடுத்தார்.

"கை வீங்கியிருந்துச்சு சிஸ்டர். எதையோ கட்டி வெச்ச மாதிரி… பாக்க முடியல. திரும்பக் கட்டத்தான் நெனச்சேன், சத்தியமா. நேரமாச்சு, எல்லாரும் வெளியே போங்கன்னு வாட்ச்மேன் கத்தினாரு. தள்ளிட்டு வந்துட்டாங்க. கீழ படிக்கட்டுக்கிட்ட வரும்போது ஞாபகம் வந்துச்சு. மேல ஓடினேன். அதுக்குள்ள எல்லாரும் அவரச் சுத்தி நின்னாங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா."

"உயிர் இருக்கா இல்லையான்னே தெரியல. நான்தான் பண்ணேன்னு எந்த வாயால சொல்லுவேன்? அப்புறம் பொழச்சுட்டாரு. அதுக்கப்புறம் சொல்ல இன்னும் கஷ்டமாப் போச்சு."

அழுதார். நர்ஸ் அவருக்குத் துடைக்கப் பஞ்சு எடுத்துக்கொடுத்தார். வேறு எதுவும் அந்த அறையில் இல்லை.

"நீங்க அவுத்தது எனக்குப் புரியுதுக்கா" என்றார். "எங்கப்பாவா இருந்தா நானும் அவுத்திருப்பேனோ என்னமோ. அது பாசம். தப்புதான், ஆனா பாசம்." அப்போதுதான் முதல் தடவையாகக் கண்டக்டர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியும்ல அண்ணா?"

கண்டக்டர் படுத்துக்கொண்டே பதில் சொல்லக் கூடாது என்று நினைத்து எழ முயன்றார். இடது கை இன்னும் கட்டியிருந்தது. பாதி எழுந்து பாதியில் தொங்கினார்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

டெப்போவிலும் பஸ்ஸிலும் எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் உண்டு. சில்லறை இல்லையா, அடுத்த ஸ்டாப்பில் வாங்கிக்கங்க. இடம் இல்லையா, உள்ள போங்க, உள்ள நிறைய எடமிருக்கு. இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

நர்ஸ் இடது கைப் பட்டையை அவிழ்த்துவிட்டார். விரல்களில் ரத்தம் ஓடுகிறதா என்று நகத்தை அழுத்திப் பார்த்தார். பழக்கம். பிறகு கையை விட்டுவிட்டு வெளியே போனார். இந்தத் தடவை ஓடவில்லை.

இன்ஜினியர் பெண் இவ்வளவு நேரமும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சோதனையில் எந்தத் தாளிலும் இல்லாத ஒன்று நடந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது. யாரிடம் என்ன சொல்வது என்றுதான் புரியவில்லை.

"சார், ஒண்ணு மட்டும் கேக்கலாமா? அன்னிக்கி கை அவுந்ததுக்கும் இழுத்ததுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்கும்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் பஸ்ல இருந்தேன்" என்றார் கண்டக்டர்.

"படி எறங்குற நேரம்" என்றார் மனைவி. "ரெண்டு மாடி."

இன்ஜினியர் அதை எழுதிக்கொண்டார். விளக்கு மட்டும் எரியும் அந்த அமைதி நேரம், அந்த இரண்டு மாடி இறங்கும் நேரத்துக்கும் மேலேயே நீளும்படி வைக்கப்பட்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் கையால் பிடித்துக்கொண்டார். பிறகு, "நானும் சொந்தக்காரங்க பாத்துக்குவாங்கன்னுதான் நெனச்சேன்" என்று யாரிடமென்று இல்லாமல் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்ப அவர்கள் கண்டக்டரின் தடத்து வண்டியில்தான் ஏறினார்கள். அன்று வேலையில் இருந்த சின்ன கண்டக்டர் டிக்கெட் வேண்டாம் என்றார். கண்டக்டர் பிடிவாதமாக இரண்டு டிக்கெட் வாங்கினார். சாயங்காலக் கூட்டம் இன்னும் ஏறவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்க இரண்டு ஸ்டாப் இருக்கும்போது பேசினார்.

"என் விரல் பட்டப்பவே தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"ம்."

"கையப் பின்னால இழுத்திருக்கலாம்ல?"

"இழுத்திருக்கலாம்."

"நீங்க வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நானும் எந்திரிச்சு ஆமான்னு சொல்லியிருப்பேன். இப்படி அவங்க முன்னாடி கையும் களவுமா நிக்க வெச்சுட்டீங்க."

அவர் மறுக்கவில்லை. ஒரு வருடம் மனைவி பேசட்டும் என்று காத்திருந்தார். கடைசியில் மனைவியின் விரல்களைப் பேச வைத்துவிட்டுத் தான் படுத்துக் கிடந்தார். தான் சொல்ல வேண்டியதை இன்னொருவரைச் சொல்ல வைப்பது கண்டக்டர் வேலையில் நடக்காது. படியில் தொங்குகிறவனை உள்ளே வா என்று கண்டக்டர்தான் சொல்ல வேண்டும். பயணிகள் சொன்னால் சண்டைதான் வரும்.

"நீ அடுப்படியில தண்ணியத் தொறந்துவிட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றார் மனைவி. "கையெழுத்துப் போடாம இருப்பீங்கன்னு நெனச்சேன். அண்ணன் கேக்கும்போது எனக்கு நிமிர்ந்து பாக்கத் தைரியம் இல்ல. நீங்க என்னப் பாத்தீங்க. அது தெரிஞ்சுது. எதுக்கு என்னப் பாத்தீங்க?"

"நீ வேணாம்னு சொல்லுவேன்னு."

"நான் நீங்க சொல்லுவீங்கன்னு."

ஸ்டாப் வந்தது. இருவரும் இறங்கினார்கள். சின்ன கண்டக்டர் மரியாதைக்கு நீளமாக ஒரு விசில் கொடுத்தார்.

மறுநாள் கண்டக்டர் வேலைக்குப் போகும் வழியில் மருத்துவமனையில் இறங்கி ஊசி அறைக்குப் போனார். நீளமான வரிசை. தன் முறை வரும்வரை நின்றார். நர்ஸ் நிமிர்ந்து பார்த்து, "ஊசி யாருக்கு?" என்றார்.

"யாருக்கும் இல்ல சிஸ்டர். புகார வாபஸ் வாங்கறேன். நடந்தத நானே விசாரணையில வந்து சொல்றேன்."

"வாபஸ் வாங்கினா மட்டும் போதாதுண்ணா. புகார் இல்லன்னா கேஸ மூடிடுவாங்க. மூடினா நான் கட்டலன்னே இருக்கும். கட்டினேன்னு அவங்க எழுதணும்."

"எழுத வெக்கிறேன்."

"அக்காவும் வருவாங்களா?"

"அவதான் மொதல்ல பேசறேங்கறா. நான் விடல. மொதல்ல நான்."

நர்ஸ் அவருக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். அது மன்னிப்பா, இல்லையா என்று கண்டக்டருக்குப் புரியவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்.

இன்ஜினியரின் குழு பார்வையாளர் நேரத்து அமைதியை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, பட்டை தளர்ந்தால் தனியாக ஒரு சத்தம் வருவதுபோல மணிக்கட்டு வளையத்தை மாற்றுகிறார்கள். முகம் துடைத்தால் கத்தாமல், பட்டையை அவிழ்த்தால் கத்த வேண்டும். இன்னும் சரியாக வரவில்லை. வளையல் இடித்தாலும் கத்துகிறது. அடுத்த சுற்றுக்கும் கண்டக்டரை அழைத்திருக்கிறார்கள். மனைவியையும்.

விசாரணைக் குழு வரும் வியாழக்கிழமை காலை கூடுகிறது. கண்டக்டர் அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு முந்தின நாள் மாலை, கணவனும் மனைவியும் மச்சான் வீட்டுக்குப் போகிறார்கள். நடந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.